ஐப்பசியில் ஏற்காடு
அத்தியாயம் பதினொன்று

ரோசம்மா சொன்ன பொய்க்கு நாலு கால் முளைத்து, தாடியும் முளைத்து, வியாழக்கிழமை காலையில் அது அவள் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது.

கறுப்புக் கிடா. கழுத்தில் புதுக் கயிறு. கயிற்றின் மறுமுனையில் அவளுடைய நாத்தனார் மிக்கேலம்மாள்.

“ஒரு சட்டியில தண்ணி கொண்டா ரோசா. கம்பைநல்லூர்ல இருந்து பஸ்ஸு மேல கட்டி ஏத்திகிட்டு வந்தன். வழி பூரா கத்திகிட்டே வந்துச்சி. கண்டக்டரு மூஞ்சியத் தூக்கி வெச்சிகிட்டான். மாதாவுக்கு நேர்ந்ததுப்பான்னு சொன்னன், வாய மூடிகிட்டான்.”

மாதாவின் பேரைக் கேட்டதும் ரோசம்மா அவசரமாக உள்ளே போய்த் தண்ணீர் மொண்டு வந்தாள். தண்ணீர்ச் சட்டியை வைக்கும்போது கிடா அவளை நிமிர்ந்து பார்த்தது. எல்லாம் தெரிந்த மாதிரித்தான் பார்த்தது.

இந்த நேர்ச்சை எங்கிருந்து முளைத்தது என்று போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ரோசம்மாவின் கணவர் அல்போன்ஸ் தர்மபுரியில் நெடுஞ்சாலைத் துறை ரோடு இன்ஸ்பெக்டர். கல்யாணமான புதிதில், சேலம் ஜில்லாவிலிருந்து தர்மபுரி பிரிவதற்கு வெகு காலம் முன்னால், ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தால் அள்ளுகிற ஆட்களுக்கு மேஸ்திரியாக அவரை அனுப்புவார்கள். திரும்பி வந்து ஒரு விஷயத்தைத் தவறாமல் சொல்வார். மலை மேல் டிபார்ட்மெண்ட் பங்களாவில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மேகம் உள்ளே வந்து, கட்டிலைச் சுற்றிக்கொண்டு, எதிர் ஜன்னல் வழியாக வெளியே போகுமாம். “ஒரு நாளைக்கு உன்னயும் கூட்டிகிட்டுப் போறன் புள்ள” என்று முடிப்பார்.

அந்த ஒரு நாள் வருவதற்குள் இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. மாமனார், கொழுந்தனார்கள், பெற்ற பிள்ளைகள், பட்டணத்தில் படிக்க வந்த ஊர்ப் பிள்ளைகள் என்று வீட்டில் பாய் விரிக்க இடமிருந்ததில்லை. புருஷனோடு அவள் பேசிய பேச்செல்லாம் அடுத்தவர் காதுக்கு எட்டாமல் பேசிய பேச்சுதான். இப்போது மகள் ராஜமேரி ஓசூரில் புருஷன் வீட்டில். மகன் திருச்சியில் கல்லூரி விடுதியில். கல்லறைத் திருநாள் கழிந்து வருகிற சனிக்கிழமை அவர்களுடைய கல்யாண நாள்.

சீசனில் அந்தப் பங்களாவில் பெரிய அதிகாரிகள் குடும்பம் குடும்பமாகக் குவிந்திருப்பார்கள். ரோடு இன்ஸ்பெக்டருக்கு அங்கே என்ன மரியாதை கிடைக்கும்? ஐப்பசி மழையில்தான் ஈ காக்கை போகாது. மேகம் உள்ளே வருவதும் ஐப்பசியில்தான். சீசன்காரர்கள் ஒதுக்கித் தள்ளிய மாதம் ரோசம்மாவுக்கு வேண்டிய மாதமாக இருந்தது.

எல்லாம் கூடி வந்த நேரத்தில்தான் மிக்கேலம்மாள் வந்து, இந்த அடைமழையில் மலைக்கு எதற்கு என்று கேட்டாள். அல்போன்ஸ் குடும்பத்தில் சும்மா ஊர் பார்க்கப் போனவர்கள் ஒருவரும் கிடையாது. கல்யாணத்துக்குப் போவார்கள், சாவுக்குப் போவார்கள், நேர்ச்சைக்குப் போவார்கள். மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு, புருஷனோடு இரண்டு நாள் தனியாக இருக்கப் போகிறேன் என்று நாத்தனாரிடம் எந்த வாயால் சொல்வது? “நேர்ச்சை அண்ணி, மலை மேல மாதா கோயிலுக்கு” என்று ரோசம்மா சொல்லிவிட்டாள்.

தப்பித்தோம் என்று நினைத்தாள், பாவம். ஊர் பார்க்கப் போகிறேன் என்றிருந்தால் நாலு பேர் முகத்தைச் சுளித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருப்பார்கள். நேர்ச்சை என்றால் அது குடும்பத்துச் சொத்து. கிடா வெட்டி அசனம் போட வேண்டும். அசனம் என்றால் வந்த சனத்துக்கெல்லாம் பந்தி. பந்தி என்றால் பங்காளி முதல் சம்பந்தி வரை ஒருத்தர் விடாமல் வர வேண்டும்.

“நீ ஒண்ணுக்கும் வெசனப்படாத” என்றாள் மிக்கேலம்மாள், முருங்கை மரத்தில் கிடாவைக் கட்டியபடி. “எம் மவன் கஸ்பாரு கெழங்கு லாரி ஒண்ணு பேசிட்டான். சனிக்கெழம விடிய இங்க வந்துரும். கெழங்கு வாசன கொஞ்சம் அடிக்கும், தார்ப்பாய் விரிச்சிக்கலாம். நம்ம பங்காளி பிலவேந்திரன், தம் பேரனுக்கு அங்கயே மொட்ட போட்டுறலாங்கறான். அண்டா நம்முளுது இருக்குது. அந்தப் பங்களாவுல அடுப்புக்கூட்ட எடம் இருக்குமா?”

“பங்களாவுலயாண்ணி?”

“பின்ன, நடு ரோட்லயா? அல்போன்சு இன்ஸ்பெட்டரு. அவன் சொன்னா கேக்க மாட்டாங்களா?”

ரோசம்மா மனக்கண்ணில் அந்த அறையைப் பார்த்தாள். ஜன்னல் வழியாக மேகம் வருகிறது. உள்ளே பிலவேந்திரன் பேரன் மொட்டைத் தலையோடு அழுகிறான். கட்டிலில் நான்கு பேர், கீழே எட்டு பேர். நடுவில் அண்டா. மேகம் நுழைய இடமில்லாமல் வந்த வழியே திரும்பிப் போகிறது.

அழுதால் காரணம் கேட்பார்கள் என்று அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரித்தாள்.

அல்போன்ஸ் இருந்தாலாவது ஏதாவது செய்வார். அவரோ ஏரியூர்ப் பக்கம் ரோடு வேலைக்குப் போய் ஒரு வாரமாகிறது, இன்று சாயங்காலம்தான் திரும்புகிறார். பொய்யைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

கொல்லையில் மிக்கேலம்மாள் சத்தம் போட்டாள். ரோசம்மா ஓடிப் போய்ப் பார்த்தாள். கொடியில் உலர்த்தியிருந்த கம்பளிச் சால்வையின் ஒரு மூலை கிடாவின் வாயில் இருந்தது. மறு மூலை மிக்கேலம்மாள் கையில். அது அடுத்த வீட்டு அஸ்கரி பேகத்தின் சால்வை. மலையில் குளிருமே என்று அந்த அம்மாளே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. நல்ல வேளை, ஈரமானதோடு சரி.

மிக்கேலம்மாள் அதை உதறி விரித்துப் பார்த்தாள். “இது என்ன இம்மாம் பெருசு? ரெண்டு பேரு ஒண்ணாப் போத்திக்கலாம் போலருக்குது.”

ரோசம்மாவின் காது சிவந்ததை மிக்கேலம்மாள் கவனித்தாளோ என்னவோ, சால்வையை மடித்துக் கொடுத்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தாள்.

“சரி, பொறப்படு. கோயிலுக்குப் போயி சாமியாருகிட்டச் சொல்லி கெடா மேல தீர்த்தம் தெளிச்சிகிட்டு வந்துறலாம். தெளிச்சிட்டம்னா அப்புறம் அது மாதாவுது.”

“இப்பவேவா? சாயங்காலம் அவரும் வந்துரட்டுமேண்ணி.”

“நேர்ந்தவ நீ. அவன் எதுக்கு?”

நேர்ந்தவள் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

தர்மபுரிக் கடைத்தெருவில் இரண்டு பெண்கள் ஒரு கிடாவை ஓட்டிக்கொண்டு போனால் பார்க்காதவர்கள் யார்? மிக்கேலம்மாள் முன்னால் நடந்து கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னாள். கிடா கிழங்குத் தோலைக் கண்டால் நின்றுகொண்டது. பின்னாலிருந்து தள்ளுகிற வேலை ரோசம்மாவுக்கு. மழை தூறி நின்ற தெருவில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் தோளைக் கொடுத்துத் தள்ளும்போது ஒரு ஜீப் ஒதுங்கி நின்று வழி விட்டது. உள்ளே பட்டுப் புடவை கட்டி, இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட ஒரு அம்மாள் அவளை உற்றுப் பார்த்தாள். யாரோ பெரிய வீட்டம்மா என்று நினைத்துக்கொண்டு ரோசம்மா இன்னும் பலமாகத் தள்ளினாள்.

கோயில் வாசல் வந்துவிட்டது. உள்ளே பீடத்துக்கு மேலே மாதா நின்றுகொண்டிருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது. ஞாயிறு தவறாமல் அந்த முகத்தைப் பார்த்து வந்தவள் ரோசம்மா. இன்று தலை நிமிரவில்லை.

அவள் கயிற்றைப் பிடித்து நிறுத்தினாள்.

“அண்ணி, வேண்டாம்.”

“என்ன வேண்டாம்?”

“நான் நேர்ந்துக்கவே இல்லீங்க அண்ணி. பொய் சொல்லிட்டன்.”

மிக்கேலம்மாள் அவளைப் பார்த்தாள். கிடாவைப் பார்த்தாள். பிறகு கோயில் சுற்றுச்சுவர் ஓரமாக இருந்த புங்க மரத்தடிக் கல்லில் போய் உட்கார்ந்தாள். கோபம் வந்தால் கத்துகிறவள் அவள். இன்று கத்தவில்லை.

“மாதா பேரச் சொல்லி எங்கிட்டப் பொய் சொன்னியா?” என்று கேட்டாள் மிக்கேலம்மாள் கடைசியில். “எங்கம்மா செத்தப்ப அல்போன்சுக்கு நாந்தான் சோறு ஊட்டனன். அவனுக்கு ஏதோ ஒடம்புக்கு வந்து நீ நேர்ந்துருக்கிறன்னு நெனச்சி ராத்திரி எல்லாம் தூங்கல தெரியுமா? இருக்கற கெடாயில நல்லதாப் பாத்து ஓட்டிகிட்டு வந்தன்.”

“தப்புதாண்ணி. என்னை அடிச்சாலும் சரி.”

“அடிக்கற வயசா உனக்கு? அப்ப எதுக்குத்தான் போறீங்க மலைக்கு? நெசத்தச் சொல்லு.”

ரோசம்மா மண்ணைப் பார்த்தாள். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் சனிக்கிழமை போகும். இரண்டில் எது பெரிது என்று யோசித்தபோது, சனிக்கிழமைதான் பெரிதாகத் தெரிந்தது. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

“அவரோட பேசிகிட்டு இருக்கலாம்னு.”

“வூட்ல பேசறதுக்கு என்ன கேடு?”

“வூட்ல பேசனா உப்பு இல்ல, புளி இல்ல, ஆரு வராங்க, ஆரு போறாங்கன்னுதானுங்க அண்ணி பேச்சு வருது. ரெண்டு நாளைக்கி யாருக்கும் சோறு போடாம அவரு பக்கத்துல உக்காந்திருக்கணும். அங்க மேகம் சன்னல் வழியா உள்ள வருமாம். இத்தன வருசமாச் சொல்லிகிட்டே இருக்கறாரு. அவரோட சேந்து நானும் பாக்கணும். அவ்வளவுதானுங்க அண்ணி. எனக்கு ஆசையா இருக்குது.”

சொல்லி முடித்ததும் அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வெட்கம் கூட அவ்வளவாக இல்லை. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கி லேசாக இருந்தது.

கிடா புங்க இலையைக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பியது. மிக்கேலம்மாள் வெகு நேரம் கயிற்று முனையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“எங்கூட்டுக்காரரு ஒருக்கா தீர்த்தமலைக்குப் போலாம்னு கூப்புட்டாரு” என்றாள். “மேல நின்னு பாத்தா நாடே தெரியுமாம். அது நம்ம கோயிலு இல்லியே, எதுக்குப் போறன்னு கேட்டா என்னத்தச் சொல்றதுன்னு நான் மாட்டன்னுட்டன். அப்புறம் அவரு கூப்புடவே இல்ல. அவரும் போய்ச் சேந்துட்டாரு.”

“அண்ணி.”

“ஊரு என்ன சொல்லுமோன்னு பயந்தன். ஊரு என்ன சொல்லி இருக்கும்? அது பாட்டுக்குக் கடலக்காய்க்குக் களை வெட்டிகிட்டு இருந்திருக்கும்.”

அவள் மூக்கைச் சிந்திப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ரோசம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். நாத்தனாரின் கையைத் தொடலாமா என்று யோசித்து, கயிற்றைத் தொடுகிற மாதிரி கையைத் தொட்டாள். மிக்கேலம்மாள் விலக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சாமியார் கோயிலுக்குள்ளிருந்து வெளியே வந்தார்.

“என்ன மிக்கேலம்மா, கிடாவோட வந்திருக்கிறீங்க?”

“தீர்த்தம் தெளிக்கணுங்க சாமி. நேர்ச்சைக் கெடா.”

“அண்ணி” என்று ரோசம்மா முழங்கையால் இடித்தாள். மிக்கேலம்மாள் திரும்பியே பார்க்கவில்லை.

“என்ன நேர்ச்சை?” என்றார் சாமியார்.

“எந் தம்பியும் அவன் பொஞ்சாதியும் ஏற்காட்டுக்குப் போறாங்க சாமி. ரெண்டு பேரு மட்டும். அவங்க நல்லபடியாப் போயி, சந்தோசமா இருந்துட்டுத் திரும்பி வரணும்னு நான் மாதாவுக்கு நேர்ந்துருக்கறன். வந்தப்புறம் எங்கூர்ல அசனம். நீங்களும் வரணும்.”

“எப்ப நேர்ந்தீங்க?”

“இப்பத்தானுங்க. இந்தக் கல்லு மேல உக்காந்து.”

சாமியார் சிரித்தார். “ஏற்காட்டுக்கா? இந்த மழையிலயா?”

“மழதான் வேணுமாம் சாமி அவங்களுக்கு.”

தீர்த்தம் தெளித்தபோது ஒரு சொட்டு ரோசம்மாவின் கன்னத்திலும் விழுந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. தலையை நிமிர்த்தி உள்ளே பீடத்தைப் பார்த்தாள். மாதாவும் கோபமாக இருக்கிற மாதிரி தெரியவில்லை.

திரும்பும் வழியில் மிக்கேலம்மாள் கணக்கெல்லாம் தீர்த்துவிட்டாள். கஸ்பாரின் லாரி சனிக்கிழமை ஊரில் விறகு ஏற்றும். பிலவேந்திரன் பேரனுக்கு ஊரிலேயே மொட்டை. யாராவது ஏன் என்று கேட்டால், நேர்ந்தவள் நான், என் இஷ்டம் என்று சொல்லிக்கொள்வாள். கிடாவும் அவளும் மத்தியான பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார்கள். பஸ் நகரும்போது ஜன்னலிலிருந்து தலையை நீட்டினாள்.

“மேகம் உள்ள வந்தா எப்பிடி இருக்குதுன்னு எனக்கு வந்து சொல்லோணும். மறந்துறாத.”

“சொல்றனுங்க அண்ணி.”

ரோசம்மா வீட்டுக்கு வந்து சால்வையை மறுபடி அலசிக் காயப்போட்டாள். பெட்டியை இறக்கித் துடைத்தாள். கல்யாணத்துக்கு வாங்கிய பெட்டி அது. இது வரைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் சாவுக்கும் தூக்கிக்கொண்டு போனதோடு சரி. துடைக்கும்போது அவள் பாடியது, குரல் கொஞ்சம் உயர்ந்து தெரு வரைக்கும் கேட்டது.

பொழுது சாயும்போது அல்போன்ஸ் வந்தார். சைக்கிளை நிறுத்தி, தார் படிந்த செருப்பை வாசலில் கழற்றினார். காபியைக் கையில் கொடுத்துவிட்டு, ரோசம்மா காலையிலிருந்து நடந்த கதை முழுக்க ஒரே மூச்சில் சொன்னாள். பொய்யைச் சொன்னாள், கிடாவைச் சொன்னாள், கல்லில் உட்கார்ந்து சொன்னதையும் சொன்னாள். அவர் சிரிப்பார் என்று காத்திருந்தாள்.

அவர் சிரிக்கவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“நீயாவது அக்காகிட்டத்தான் பொய் சொன்ன. நான் எங்க எஞ்சினீயருகிட்டயே சொல்லி வெச்சிருக்கறன்.”

“என்னன்னு?”

“ரூமு நம்ம ஜில்லாவுது இல்ல புள்ள. கிருஷ்ணப்பன் எஞ்சினீயரு சேலத்துக்குப் போன் போட்டுச் சொன்னாத்தான் குடுப்பாங்க. இந்த மழையில எதுக்குய்யா ஏற்காடுன்னு கேட்டாரு. பொஞ்சாதியோட சும்மா ரெண்டு நாளுன்னு சொல்ல வாய் வரல. வெக்கமாப் போச்சு.” அவர் தலையைச் சொறிந்தார். “நீ ரொம்ப முடியாம கெடந்து எந்திரிச்சிருக்கற, மலைக் காத்துல இருந்தா ஒடம்பு தேறும்னு டாக்டரு சொன்னாருன்னு சொல்லிட்டன்.”

“அட, கடவுளே.”

“மனுசன் உருகிட்டாரு. ஒடனே போன் போட்டுட்டாரு. இப்ப ஆபீசுக்குப் போனா, அவரு சம்சாரம் தங்கம்மா நாளைக்குக் காலையில ஆரஞ்சுப் பழம், ஆர்லிக்ஸ் எல்லாம் எடுத்துகிட்டு உன்னயப் பாக்க வராங்கங்கறாரு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “காலையில கொஞ்சம் போத்திகிட்டுப் படுத்திருக்கறியா? அரை மணி நேரம் போதும். பொய்யின்னு தெரிஞ்சா ரூமு போயிரும்.”

ரோசம்மாவுக்கு ஏதோ உறைத்தது.

“ஏங்க, அந்தம்மாவுக்கு ரெண்டு பக்கமும் மூக்குத்தியா?”

“ஆமா. உனக்கெப்பிடித் தெரியும்?”

“ஜீப்புல போவாங்களா?”

“ஆபீஸ் ஜீப்புதான். ஏன்?”

கடைத்தெருவில் கிடாவைத் தோள் கொடுத்துத் தள்ளிய கதையை அவள் இன்னொரு தரம், இந்த முறை மெதுவாக, சொன்னாள். அல்போன்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த மனிதர் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு, இருபத்தைந்து வருஷத்தில் இல்லாத பிரியமும் வந்தது. இவரும் வெட்கப்பட்டிருக்கிறார். இவரும் இந்தச் சனிக்கிழமைக்காகத்தான் பொய் சொல்லியிருக்கிறார்.

“நான் படுக்க மாட்டனுங்க. அந்தம்மாகிட்ட உள்ளதச் சொல்லிட்டுப் போலாம்.”

“ரூமு போயிட்டா என்ன பண்ணுவ?”

“மேகம் டிபார்ட்மெண்ட் சன்னல்ல மட்டுந்தான் வருமா?”

அல்போன்ஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கலாமா வேண்டாமா என்று அவர் முகம் தடுமாறிக்கொண்டிருக்கும்போது, வாசலில் ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தார்கள். கையில் பழக்கூடையோடு, இரண்டு பக்கமும் மூக்குத்தி மின்ன, ஒரு அம்மாள் இறங்கிக்கொண்டிருந்தாள். தங்கம்மாள் விடிகிற வரைக்கும் பொறுக்கவில்லை.

அல்போன்ஸ் பாயையும் போர்வையையும் எடுத்து ரோசம்மாவிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிப் பெட்டி மேல் வைத்தாள். முந்தானையைச் சரி செய்துகொண்டு கதவைத் திறக்கப் போனாள்.